பாதியில் அறுந்த உத்தரவு: நீர்மூழ்கிப் படங்களில் இரண்டு தளபதிகள்

'கிரிம்சன் டைட்' படத்தின் கதை முழுக்க ஒரு துண்டுச் செய்தியைப் பற்றியது. அமெரிக்காவின் அணு ஏவுகணை நீர்மூழ்கியான 'அலபாமா' பசிபிக் கடலுக்கடியில் பதுங்கியிருக்கிறது. ரஷ்யாவில் ராட்சென்கோ என்ற தீவிர தேசியவாதியின் ஆட்கள் ஓர் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றிவிட்டார்கள். அவர்கள் எரிபொருள் நிரப்பி முடிப்பதற்குள் பத்து ஏவுகணைகளை அங்கே ஏவுங்கள் என்று அலபாமாவுக்கு உத்தரவு வந்துவிட்டது. இரண்டு அதிகாரிகள் சங்கேதத்தைச் சரிபார்த்து, உத்தரவு மெய்யானதே என்று உரக்கச் சொல்லியும் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் இரண்டாவது செய்தி ஒன்று வரத் தொடங்குகிறது. ரஷ்ய நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவை ஏவ, தப்பிக்கும் அவசரத்தில் செய்தி தலைப்போடு அறுந்துபோகிறது.

அது ஏவுவதை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். இலக்கை மாற்றச் சொல்லியிருக்கலாம். இன்னும் சீக்கிரம் ஏவுங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். முழுதாக வராத செய்தி செய்தியே அல்ல, கையிலிருக்கும் உத்தரவுதான் உத்தரவு என்கிறார் கேப்டன் ராம்சே. வானொலியைச் சரிசெய்து மீதியைப் படிக்காமல் ஒரு ஏவுகணையும் கிளம்பக் கூடாது என்கிறார் துணைத் தளபதி ஹண்டர். கேப்டனின் உத்தரவைத் துணைத் தளபதி திரும்பச் சொல்லி ஒப்புக்கொண்டால்தான் ஏவுகணை கிளம்பும் என்பது விதி. ஹண்டர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். ஒருவர் மறுத்தால் அடுத்து என்ன என்பதை விதி எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை. டோனி ஸ்காட் இயக்கி 1995 மே மாதம் வெளியான இந்தப் படம் முழுவதும் அந்த ஓட்டைக்குள்தான் நடக்கிறது.

தளபதிகள் மோதிக்கொள்ளும் கதைக்கு நீர்மூழ்கியைப் போல இன்னோர் இடம் வாய்ப்பதில்லை. தரைப்படையில் இரண்டு அதிகாரிகள் முரண்பட்டால் மேலிடத்தைக் கேட்டுவிடலாம். அணு ஏவுகணை நீர்மூழ்கிக்கு வாய் திறப்பதே ஆபத்து. அது ஓர் அலையை அனுப்பினாலும் எதிரிக்கு இருப்பிடம் தெரிந்துவிடும். ஆகவே அது கேட்கும், பேசாது. கேட்பதும் எளிதல்ல. சாதாரண வானொலி அலைகள் கடல்நீருக்குள் இறங்குவதில்லை. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மட்டும் சில பத்து மீட்டர் ஆழம்வரை போகும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கிவரும் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தில் வானளாவிய கோபுரங்கள் நிற்பது அந்த வேலைக்குத்தான். அந்த அலையில் ஏறும் செய்தி மிகச் சிறியது, மெதுவானது. குரல் எல்லாம் போகாது. அதைப் பிடிக்க நீர்மூழ்கி நீளமான கம்பியையோ மிதவையையோ மேலே விட வேண்டும். படத்தில் அந்த மிதவையை விடும் இயந்திரம் சிக்கிக்கொண்டு சத்தம் போட, அந்தச் சத்தமே அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. செய்தி அறுந்துபோவது கதாசிரியர் மைக்கேல் ஷிஃபர் தன் வசதிக்காகச் செய்த வித்தை அல்ல. அந்தத் தொழிலின் இயல்பான பலவீனம் அது.

இந்த வகைப் படங்களின் வரிசையைப் பார்த்தால், எல்லாவற்றிலும் தளபதிகள் மோதுவதில்லை என்பது தெரியும். 1957இல் வந்த 'தி எனிமி பிலோ'வில் அமெரிக்கப் போர்க்கப்பலின் தலைவனும் ஜெர்மன் நீர்மூழ்கியின் தலைவனும் சதுரங்கம் ஆடுவதுபோல் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டே வேட்டையாடுகிறார்கள். நல்ல படம், ஆனால் எதிரி வெளியே இருக்கிறான். வொல்ஃப்காங் பீட்டர்சனின் 'டாஸ் பூட்' (1981) நீர்மூழ்கிக்குள் மனிதன் என்ன ஆகிறான் என்பதைக் காட்டியதில் இன்றுவரை முதலிடத்தில் இருக்கிறது. வியர்வை, தாடி, எலுமிச்சம்பழம், ஆழம் கூடக் கூடத் தெறிக்கும் ஆணிகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் கேப்டனை எதிர்த்து நிற்க யாருமில்லை. நாஜி விசுவாசியான இளம் அதிகாரி ஒருவன் உண்டு, அவனுடைய முறைப்பான முடிவெட்டைத் தவிர யாரும் அவனைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' (1990) படத்தில் ஷான் கானரியின் ரேமியஸ், தன்னை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆளான அரசியல் அதிகாரியைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறார். அப்புறம் மோதலுக்கு ஆள் ஏது?

மோதலின் உண்மையான மூதாதை 1958இல் ராபர்ட் வைஸ் எடுத்த 'ரன் சைலன்ட், ரன் டீப்'. எட்வர்ட் பீச் எழுதிய நாவலின் திரைவடிவம். பீச் இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கியில் பணியாற்றியவர். ஜப்பானின் பங்கோ நீரிணையில் தன் நீர்மூழ்கியைப் பறிகொடுத்த கிளார்க் கேபிளுக்கு இன்னொரு நீர்மூழ்கி கிடைக்கிறது. அந்தப் பதவி தனக்குத்தான் என்று காத்திருந்த பர்ட் லங்காஸ்டர் அவருக்குக் கீழே துணைத் தளபதி. கேபிள் மாலுமிகளை ஓயாமல் ஒத்திகை பார்க்க வைக்கிறார், சுலபமான இலக்குகளை விட்டுவிடுகிறார், போகக் கூடாது என்று விலக்கப்பட்ட பங்கோவுக்கே போகிறார். பழிவாங்கும் வெறியா, போர்த் தந்திரமா என்பது கடைசிவரை நமக்குப் புரிவதில்லை. அதுதான் அதன் பலம். கேபிள் அடிபட்டு விழுந்ததும் பொறுப்பேற்கும் லங்காஸ்டர் கொஞ்ச நேரத்திலேயே கேபிள் செய்ததையே செய்யத் தொடங்குகிறார். நாற்காலிதான் ஆளை உருவாக்குகிறது என்பது அந்தப் படத்தின் கட்சி.

'கிரிம்சன் டைட்' அந்த மரபை எடுத்துக்கொண்டு, பதவிப் பொறாமையைத் துடைத்துப்போட்டது. ஹண்டருக்கு ராம்சேயின் நாற்காலி மேல் ஆசை இல்லை. ராம்சேயும் வெறியர் அல்ல. ஜீன் ஹேக்மன் அவரை நடித்த விதம் அப்படி. போர் பார்த்த ஆள், நாய்க்குட்டியைக் கையோடு கப்பலுக்குக் கூட்டிவரும் ஆள், மாலுமிகளின் நாடி தெரிந்தவர். நீர்மூழ்கி முதன்முறை மூழ்குவதற்கு முன் மேல்தளத்தில் நின்று இருவரும் சுருட்டுப் பிடிக்கும் காட்சியைப் பாருங்கள். சூரியன் மறைகிறது. ஹண்டர் பேசாமல் நிற்கிறார். படித்தவர்கள் இந்த இடத்தில் எதையாவது பேசிக் கெடுத்துவிடுவார்கள், நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய், எனக்குப் பிடித்தது என்று ராம்சே பாராட்டுகிறார். பாராட்டுதான், ஆனால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது: உன் வாய் மூடியிருக்கும்வரை நமக்குள் சண்டை இல்லை. படத்தின் மீதி முழுக்க ஹண்டர் வாய் திறப்பதன் விளைவு.

அடுத்து வரும் சாப்பாட்டு மேசைக் காட்சியில் அதிகாரிகள் எல்லோரும் இருக்கிறார்கள். ஹிரோஷிமாவில் குண்டு போட்டது சரியா என்ற பேச்சு வருகிறது. போர் என்பது அரசியலின் தொடர்ச்சியே என்ற போர்க் கோட்பாட்டாளர் கிளாஸ்விட்ஸின் கருத்தை ராம்சே எடுத்துவைக்க, அணு ஆயுதக் காலத்தில் போரேதான் உண்மையான எதிரி என்கிறார் ஹண்டர். டென்சல் வாஷிங்டன் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். சுற்றியிருக்கும் அதிகாரிகளின் கண்கள் தட்டுக்கும் கேப்டனுக்கும் இடையே அலைகின்றன. பின்னால் யார் யார் பக்கம் சாய்வார்கள் என்பதை அந்தக் கண்களை வைத்தே ஊகித்துவிடலாம்.

பிறகு சமையலறைத் தீ. அணைத்து முடித்த புகை அடங்கும் முன்பே ராம்சே ஏவுகணை ஒத்திகைக்கு உத்தரவிடுகிறார். தீயில் அகப்பட்ட ஒருவர் இறந்துபோகிறார். ஹண்டர் ஆட்சேபிக்க, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது ஒத்திகை பார்த்து என்ன பயன், குழப்பம் வரும்போதுதானே பார்க்க வேண்டும் என்கிறார் கேப்டன். அந்த வாதத்தை யோசித்துப் பார்த்தால் தள்ளவும் முடிவதில்லை. திரைக்கதையின் நேர்மை இங்கேதான். இரண்டு பேருக்கும் வக்கீல் வைத்து வாதாடும் அளவுக்கு நியாயம் கொடுத்திருக்கிறது. அதே நேர்மையோடு பின்னால் ஹண்டரையும் ஒரு சிக்கலில் மாட்டிவிடுகிறது. நீர்மூழ்கி சேதமுற்று அடிநோக்கிப் போகும்போது, வெள்ளம் புகுந்த அறையை உள்ளே ஆள் இருக்கும்போதே மூடச் சொல்பவர் அவர்தான். மனிதாபிமானம் பேசியவர் தன் கையாலேயே மூன்று பேரைச் சாகவிட வேண்டியிருக்கிறது.

இந்தப் படத்தை எனக்குப் பிடித்ததாக்கியவர் இந்த இருவரும்கூட அல்லர். ஜார்ஜ் சுண்ட்சா நடித்த மூத்த மாலுமி, கப்பலில் எல்லோரும் 'காப்' என்று கூப்பிடுபவர். ஒப்புதல் இல்லாமலே ஏவத் துணியும் ராம்சேயைப் பொறுப்பிலிருந்து நீக்குவதாக ஹண்டர் அறிவிக்கிறார். ராம்சேயோ ஹண்டரைக் கைது செய்யச் சொல்கிறார். காப் யார் பக்கம் நிற்கிறாரோ அவர்தான் தளபதி. அவர் விதிமுறைப்படி ஹண்டர் பக்கம் நிற்கிறார். ஹண்டர் நன்றி சொல்ல வரும்போது முகத்திலடித்தாற்போல் மறுக்கிறார்: உங்கள் கருத்து எனக்கு ஏற்புடையதல்ல, கேப்டன் விதியை மீறினார், அவ்வளவுதான். ஒருவர் சொல்வது தவறென்று நினைத்துக்கொண்டே அவர் செய்வது முறையானது என்பதற்காக ஆதரிப்பது நம் அரசியலிலும் அலுவலகங்களிலும் எவ்வளவு அபூர்வம் என்பது வாசகருக்குத் தெரியும். சுண்ட்சாவுக்கு விருது எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொருவர் விகோ மோர்டென்சன் நடித்த ஆயுத அதிகாரி. ஏவும் விசை இருக்கும் பெட்டகத்தின் எண் அவருக்குத்தான் தெரியும். ஹண்டரின் பழைய நண்பர், ஆனால் ராம்சேயின் வாதம்தான் சரியென்று படுகிறது. ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம் என்று அவர் ஊசலாடும்போது பார்ப்பவரும் கூடவே ஊசலாடுகிறார்.

படம் சறுக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்டகத்தைத் திறக்க மறுக்கும் ஆயுத அதிகாரியைப் பணியவைக்க ராம்சே ஒரு மாலுமியின் தலையில் துப்பாக்கியை வைத்து எண்ணத் தொடங்குகிறார். அந்த நொடியில் அதுவரை தராசு முள்ளை நடுவில் நிறுத்தியிருந்த படம் ஒரு தட்டில் கையை வைத்து அழுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு ராம்சேயின் வாதத்தை யாரும் காதில் வாங்கப்போவதில்லை. தயாரிப்பாளர்கள் டான் சிம்ப்ஸனும் ஜெர்ரி புருக்ஹைமரும் அதிரடிப் படங்களுக்குப் பேர்போனவர்கள். கடைசி அரைமணி நேரத்தில் ஒரு வில்லன் வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். முடிவும் அப்படித்தான். வானொலி சரியாகி மீதிச் செய்தி வருகிறது: கலகக்காரர்கள் சரணடைந்தார்கள், ஏவுகணையை நிறுத்துங்கள். ஆக ஹண்டர் சொன்னது சரி. ஆனால் செய்தி வேறுவிதமாக வந்திருந்தால்? ஹண்டர் செய்தது சரியா தவறா என்பதைப் பின்னால் வந்த ஒரு தாள் தீர்மானிப்பது வாதத்துக்குச் செய்த துரோகம். பேர்ல் ஹார்பரில் நடக்கும் விசாரணையில் இருவரும் சரி, இருவரும் தவறு என்று சொல்லப்படுவது அந்தத் துரோகத்துக்குப் போட்ட மருந்துபோல இருக்கிறது.

ஆனாலும் அந்தச் செய்திக்காகக் காத்திருக்கும் மூன்று நிமிடங்கள் அசல் சினிமா. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் உறைந்து நிற்க, ராம்சே திடீரென்று லிபிட்சானர் குதிரைகளைப் பற்றிப் பேசுகிறார். போர்ச்சுகல் குதிரைகள், பாலைப்போல் வெள்ளை, மின்கோலால் குத்தினால் எதையும் செய்யும் என்கிறார். கறுப்பினத்தவரான ஹண்டர் பதில் சொல்கிறார்: அவை ஸ்பெயினைச் சேர்ந்தவை, பிறக்கும்போது கறுப்பாகத்தான் இருக்கும். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் நிறத்தைப் பற்றியே பேசிவிடும் காட்சி அது. (குதிரை வரலாறு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பெயருக்குக் காரணமான லிபிட்சா இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்தவை அதன் ஆதிக் குதிரைகள்.) விசாரணை முடிந்து பிரியும்போது, ஸ்பெயின் விஷயத்தில் நீ சொன்னது சரி என்கிறார் ராம்சே. அவர் கேட்கும் மன்னிப்பு அவ்வளவுதான். ஹேக்மன் அதை ஒரு பாதிப் புன்னகையோடு சொல்வார்.

வசனத்தில் பலர் கை வைத்திருக்கிறார்கள். பெயர் போடாமல் வேலை செய்தவர்களில் குவென்டின் டாரன்டினோவும் ஒருவர்; மாலுமிகள் 'சில்வர் சர்ஃபர்' படக்கதையை யார் வரைந்தது சிறப்பு என்று அடித்துக்கொள்ளும் இடம் அவர் கைவரிசை. ஹான்ஸ் சிம்மரின் ஆண்குரல் கூட்டிசை கிராமி விருது பெற்றது. படத்தொகுப்பு, ஒலி, ஒலி விளைவு ஆகிய மூன்றுக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. நடிப்புக்கு ஒன்றும் இல்லை.

அமெரிக்கக் கடற்படை இந்தப் படத்துக்கு உதவ மறுத்துவிட்டது. தங்கள் நீர்மூழ்கியில் கலகம் நடப்பதாகக் காட்டுவதை அவர்கள் விரும்பவில்லை. பிரெஞ்சுக் கடற்படை விமானந்தாங்கிக் கப்பலைக் கொடுத்து உதவியது. டோனி ஸ்காட்டின் ஆட்கள் பேர்ல் ஹார்பரில் காத்திருந்து, நிஜ அலபாமா துறைமுகத்தைவிட்டுக் கிளம்பி மூழ்குவதைப் பின்தொடர்ந்து படம்பிடித்துக்கொண்டார்கள். படத்தில் நாம் பார்க்கும் மூழ்கல் அதுதான்.

இப்படியெல்லாம் நடக்குமா என்று அன்று கேட்டவர்களுக்குப் பதில் ஏழு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 2002இல் ஹவானாவில் நடந்த கியூப ஏவுகணை நெருக்கடி பற்றிய மாநாட்டையொட்டி ஒரு சோவியத் நீர்மூழ்கியின் கதை உலகத்துக்குத் தெரியவந்தது. 1962 அக்டோபர் 27. கியூபாவுக்கு அருகே பி-59 என்ற டீசல் நீர்மூழ்கியை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சுற்றி வளைத்து, மேலே வரச் சொல்லிச் சிறு ஒலிக்குண்டுகளைப் போட்டன. இவை வெறும் சமிக்ஞைக் குண்டுகள் என்ற அறிவிப்பை அமெரிக்கா மாஸ்கோவுக்கு முன்பே அனுப்பியிருந்தது. நீர்மூழ்கிக்கு அது போய்ச் சேரவே இல்லை. உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியிருந்தது, மூச்சு முட்டியது, மின்கலம் தீர்ந்துகொண்டிருந்தது. மேலே போர் தொடங்கிவிட்டதோ என்னவோ, யாருக்கும் தெரியாது. அதில் ஓர் அணு டார்பிடோ இருந்தது. உள்ளே இருந்த வாதிம் ஓர்லோவ் பின்னாளில் சொன்னபடி, கேப்டன் சவீட்ஸ்கி அதைத் தயார்செய்யச் சொன்னார். அந்தப் படைப்பிரிவின் தலைமை அதிகாரியான வசீலி அர்கிபோவ் தற்செயலாக அந்த நீர்மூழ்கியில் இருந்தார். அவர் ஒப்பவில்லை. பேசிப் பேசி கேப்டனை மேலே வரவைத்தார்.

அர்கிபோவுக்கு மீதிச் செய்தி வரவில்லை. அவர் சரியென்று அந்த இரவு யாரும் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. 'கிரிம்சன் டைட்' தன் கதாநாயகனுக்குச் செய்த சலுகையை வரலாறு அவருக்குச் செய்யவில்லை. திரைக்கதையாசிரியர்கள் பாடம் படிக்க வேண்டிய இடம் இது. துப்பாக்கியும் கலகமும் இல்லாமல், மூச்சு முட்டும் அறைக்குள் ஒருவர் இன்னொருவரைப் பேசி அடக்கியது அங்கே நடந்தது.

அதே அர்கிபோவ் அதற்கு முந்தைய ஆண்டு, 1961 ஜூலையில், கே-19 நீர்மூழ்கியில் அணு உலை குளிர்விப்பு முறை கெட்டுப்போனபோது துணைத் தளபதியாக இருந்தவர். கேத்ரின் பிகலோவின் 'கே-19: தி விடோமேக்கர்' (2002) அந்தச் சம்பவத்தின் திரைவடிவம். ஹாரிசன் ஃபோர்ட் கேப்டன், லியாம் நீசன் துணைத் தளபதி. கலகக்காரர்கள் பொறுப்பைத் தன் கையில் கொடுக்க, நீசன் அதை வாங்கி உடனே கேப்டனிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஹண்டர் செய்ததற்கு நேர் எதிரான செய்கை, அதுவும் சரியாகத்தான் படுகிறது. உலையைச் சரிசெய்யக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு உடையில்லாமல் உள்ளே போய், முகம் வெந்து வாந்தியெடுத்துக்கொண்டு வெளியே வரும் இளைஞர்களின் காட்சியை எளிதில் மறக்க முடியாது. ஆனால் ஃபோர்டின் ரஷ்ய உச்சரிப்பும், மோதலைப் பாதியில் கைவிட்டு வீரவணக்கத்துக்குத் தாவும் திரைக்கதையும் படத்தைக் கீழே இழுத்தன.

நம் பக்கத்தில் இந்த மரபை முயன்ற படம் 'காஸி' (2017). 1971 டிசம்பரில் விசாகப்பட்டினம் அருகே மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கியை வைத்துச் சங்கல்ப் ரெட்டி எடுத்த படம். தெலுங்கிலும் இந்தியிலும் எடுக்கப்பட்டுத் தமிழிலும் வந்தது. சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் தாக்கத் துடிக்கும் கேப்டனாகக் கே கே மேனன், அவரைக் கட்டுப்படுத்தக் கூடவே அனுப்பப்பட்ட அதிகாரியாக ராணா, நடுவில் நிற்கும் துணைத் தளபதியாக அதுல் குல்கர்னி. முதல் பாதி அபாரம். மேனன் ராம்சேயின் தம்பிபோலவே இருக்கிறார். ஆனால் திரைக்கதை அவரைப் பாதியில் சாகடித்து, ராணாவை அவருடைய வழிக்கே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. 'ரன் சைலன்ட்'டில் லங்காஸ்டர் மாறியது முரணாக நின்றது. இங்கே அது கைதட்டலாக முடிகிறது. தேசபக்திப் படத்தில் பொறுமைக்கு வாதாட ஆள் இல்லாமல் போவதில் வியப்பில்லை என்றாலும், அந்த முதல் பாதியை எழுதியவர்களுக்கு அதைவிட அதிகம் தெரிந்திருந்தது.

மோதலை அதன் தர்க்க எல்லைக்கே கொண்டுபோனது அந்தோனின் போத்ரி எடுத்த பிரெஞ்சுப் படம் 'லு ஷான் து லூ' (2019). அதில் அதிபரின் ஏவல் உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு எந்தச் செய்தியையும் கேப்டன் கேட்கக் கூடாது. உத்தரவு பொய்த் தகவலின்பேரில் பிறந்தது என்று தெரிந்த பின்னும் அவரை நிறுத்த வழியில்லை. நண்பர்களான இரு தளபதிகள் வேறு வேறு நீர்மூழ்கிகளில். ஒருவர் மற்றவரை மூழ்கடித்துத்தான் உலகத்தைக் காப்பாற்ற வேண்டும். இங்கே இருவருமே விதியை அச்சுப்பிசகாமல் பின்பற்றுகிறார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

1996 முதல் ஏவும் முதன்மை அதிகாரம் நீர்மூழ்கிக் கேப்டன்களிடம் இராது என்ற அறிவிப்போடு 'கிரிம்சன் டைட்' முடிகிறது. அறிவிப்பு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் பிரிட்டனின் நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றிலும் பிரதமர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று பெட்டகத்தில் இன்றும் இருக்கிறது. லண்டன் அழிந்து எந்தத் தொடர்பும் இல்லாமல் போனால் பிரித்துப் படிக்க வேண்டியது. பதவி மாறும்போது பிரிக்காமலே அழித்துவிடுவார்கள். யாராவது இதை வைத்துப் படம் எடுத்தால் முதல் நாளே பார்க்கத் தயார்.

ஜீன் ஹேக்மன் 2025 பிப்ரவரியில் காலமானபோது 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்', 'அன்ஃபர்கிவன்' என்ற இரண்டு ஆஸ்கர் படங்களையே எல்லோரும் முன்னால் வைத்தார்கள். விருது வாங்கிய படங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் தான் தவறு செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒரு கணமும் நம்பாத ஒரு நல்ல மனிதனை அவர் நடித்த படம் 'கிரிம்சன் டைட்'தான். துப்பாக்கிக் காட்சியை மன்னித்துவிட்டு, இரண்டாம் முறை பார்க்கும்போது ராம்சேயின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்.